பெல் அண்ட் செபாஸ்டியன்: ஒரு கிளாஸ்கோ இசைக்குழுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்கள்?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த இண்டி இசைக்குழு, அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராத குழு. 1996இல் தொடங்கி இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறார்கள். கிதார், கீபோர்டு, டிரம்ஸோடு செல்லோ, வயலின், டிரம்பெட் எல்லாம் சேர்த்து, சத்தம் போடாத குரலில் கதை சொல்லும் பாட்டுகள். வகுப்பில் யாரோடும் ஒட்டாத பிள்ளைகள், வேலை பிடிக்காமல் அலுவலகம் போகிறவர்கள், கடவுள் மேல் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அந்தப் பாட்டுகளுக்குள் ஒரு கூட்டமே உண்டு. பெரும்பாலானவற்றை எழுதிப் பாடுபவர் ஸ்டூவர்ட் மர்டாக்.

‘கூச்ச சுபாவிகளின் இசைக்குழு’ என்ற முத்திரை ஆரம்பத்திலேயே இவர்கள் மேல் குத்தப்பட்டுவிட்டது. என்னைக் கேட்டால் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வேன். அவசரப்படாமல், தங்களுக்குத் தோன்றியபடி மட்டுமே வேலை செய்த பிடிவாதம்.

பெல் யார், செபாஸ்டியன் யார்?

குழுவில் அப்படி யாரும் கிடையாது. செபாஸ்டியன் ஒரு சிறுவன், பெல் அவனுடைய பெரிய வெள்ளை நாய். பிரெஞ்சு எழுத்தாளர் செசில் ஓப்ரி உருவாக்கிய கதை, 1965இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தொடராக வந்தது. மர்டாக் அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு, ஒரு பையனையும் பெண்ணையும் வைத்துத் தானே ஒரு சிறுகதை எழுதினார். குழுவுக்கும் அதே பெயர் வந்துவிட்டது.

எப்படித் தொடங்கியது?

ஒரு நோயில் தொடங்கியது. மர்டாக் கல்லூரி வயதில் பாட்டுத்தட்டு சுழற்றிக்கொண்டும் கச்சேரிகளுக்கு எடுபிடி வேலை பார்த்துக்கொண்டும் திரிந்த ஆள். எண்பதுகளின் கடைசியில் எம்.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாள்பட்ட களைப்பு நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய ஏழு வருடம் வேலை இல்லை, படிப்பு இல்லை. பல நாள் வீட்டை விட்டு இறங்கவே முடியவில்லை. பாட்டு எழுத ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். தான் வாழ முடியாத சாதாரண வாழ்க்கையை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்ததுபோல, பேருந்தில் போகிறவர்கள், காதலிக்கிறவர்கள், ஓடுகிறவர்கள் எல்லாம் பாட்டுக்குள் வந்தார்கள்.

கொஞ்சம் தேறியதும் பீட்பாக்ஸ் என்ற இடத்துக்குப் போனார். வேலையில்லாத இசைக்கலைஞர்களுக்காக அரசாங்கம் நடத்திய பயிற்சித் திட்டம் அது. அங்கே பேஸ் கிதார் வாசிக்கும் ஸ்டூவர்ட் டேவிட் பழக்கமானார். இரண்டு ஸ்டூவர்ட்டுகளும் சேர்ந்து சில பாட்டுகளை டெமோவாக, அதாவது மாதிரிக்காக, பதிவு செய்தார்கள்.

அந்த டெமோ ஸ்டோ கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. கிளாஸ்கோவின் அந்தக் கல்லூரியில் இசை வணிகம் ஒரு பாடம். மாணவர்களே எலக்ட்ரிக் ஹனி என்ற லேபிளை நடத்தி, வருடத்துக்கு ஒரு குழுவின் இசைத்தட்டை வெளியிடுவார்கள். பாடம் நடத்தியவர் ஆலன் ராங்கைன். எண்பதுகளில் தி அசோசியேட்ஸ் குழுவில் இருந்து பெயர் வாங்கியவர். வழக்கமாக ஓரிரு பாட்டு மட்டும் உள்ள ஒரு சிங்கிள்தான் போடுவார்கள். மர்டாக்கிடம் பாட்டு குவிந்து கிடந்ததால், இந்த முறை முழு ஆல்பமே போடலாம் என்று முடிவானது.

அப்புறம்தான் ஆள் சேர்த்தார்கள். கிதாருக்கு ஸ்டீவி ஜாக்சன், கீபோர்டுக்கு கிறிஸ் கெட்டஸ், செல்லோவுக்கு இசபெல் காம்ப்பெல், டிரம்ஸுக்கு ரிச்சர்ட் கோல்பர்ன். கோல்பர்ன் அந்த இசை வணிக வகுப்பிலேயே படித்தவர். சரியாகப் பழகக்கூட நேரமில்லாத ஒரு கூட்டம் காவா ஸ்டூடியோவுக்குள் போய், ஒரு வாரம் முடிவதற்குள் ‘டைகர்மில்க்’ ஆல்பத்தோடு வெளியே வந்தது.

நோயாளிக்குக் கிடைத்த நேரம், வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த இடம், ஒரு கல்லூரிப் பாடத்திட்டம். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தக் குழு இல்லை. திறமை எப்படியும் வெளியே வந்துவிடும் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

அதே லேபிள் வேறு யாரையாவது கண்டுபிடித்ததா?

பிற்காலத்தில் ஸ்னோ பேட்ரோல் என்று உலகம் அறிந்த குழுவுக்கும், பிஃபி கிளைரோவுக்கும் ஆரம்ப வெளியீடுகள் எலக்ட்ரிக் ஹனியில்தான் வந்தன. ஒரு வகுப்பறைக்கு இது பெரிய சாதனை. ஸ்டோ கல்லூரி 2013இல் வேறு இரண்டு கல்லூரிகளோடு இணைந்து கிளாஸ்கோ கெல்வின் கல்லூரியாகிவிட்டது.

‘டைகர்மில்க்’ முதலில் ஏன் யாருக்கும் கிடைக்கவில்லை?

1996 ஜூனில் வினைல் இசைத்தட்டாக 1,000 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். கல்லூரி பட்ஜெட் அவ்வளவுதான். குழுவின் பெயர் பரவியபோது தட்டு சந்தையில் இல்லை. ரசிகர்கள் கேசட்டில் நகலெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அசல் பிரதி 400 பவுண்டு வரை போனது. 1999இல் ஜீப்ஸ்டர் நிறுவனம் மறுவெளியீடு செய்த பிறகுதான் எல்லோரும் கடைக்குப் போய் வாங்க முடிந்தது.

‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’ ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முதல் ஆல்பம் வந்த ஐந்தே மாதத்தில், 1996 நவம்பரில், ஜீப்ஸ்டர் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் இது. ஓயாசிஸும் பிளரும் பிரிட்டனின் பத்திரிகை அட்டைகளை நிரப்பிக்கொண்டிருந்த நேரம். எல்லோரும் கிதாரை உரக்க வைத்தபோது, இவர்கள் ஒலியளவைக் குறைத்து, வார்த்தை காதில் விழும்படி வைத்தார்கள். வயலினும் பாட்டும் தெரிந்த சாரா மார்ட்டின் சேர்ந்துகொண்டதும் இந்தக் கட்டத்தில்தான்.

மர்டாக் அப்போது ஹைண்ட்லண்ட் பகுதி சர்ச்சின் மண்டபத்துக்குக் காவலாளி. மண்டபத்துக்கு மேலேயே வீடு. ஞாயிறு பாடகர் குழுவிலும் பாடினார். தலைப்புப் பாட்டில் மனம் உடைந்த இளைஞர்களும் பாதிரியாரும் எதிரெதிரே வருகிறார்கள். மத போதனையும் இல்லை, மதத்தைக் கிண்டலடிக்கும் சுலபமான வேலையும் இல்லை. உள்ளே இருந்துகொண்டே சிரிக்கிறவரின் பாட்டு அது. இந்தத் தொனியை வேறு எந்த இண்டி குழுவும் பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆல்பம் பதிவான விதம் மர்டாக்குக்கே பிடிக்கவில்லை. பாட்டுகள் நல்லவை, ஒலி மெலிந்துவிட்டது என்பது அவர் குறை. 2005 செப்டம்பரில் லண்டன் பார்பிகன் அரங்கில் ஆல்பம் முழுவதையும் வரிசை மாறாமல் மேடையில் வாசித்து, அந்தப் பதிவைத் தனியாக வெளியிட்டார்கள். வருமானம் அந்த வருட ஆசிய நிலநடுக்க நிவாரணத்துக்குப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மேடைப் பதிவில் உடம்பு தெம்பாக இருக்கிறது. என் ஓட்டு மட்டும் இன்னும் அந்த மெலிந்த பழைய பதிவுக்குத்தான்.

ஆரம்பத்தில் பேட்டியே கொடுக்க மாட்டார்களாமே?

பெரும்பாலும் கொடுக்கவில்லை. விளம்பரப் படங்களில்கூட ஒழுங்காக முகம் காட்ட மாட்டார்கள். ஆல்பம் அட்டைகளில் பெரும்பாலும் நண்பர்களை வைத்து மர்டாக் தானே படம் எடுத்து, ஒரே வண்ணத்தில் தோய்த்துவிடுவார்: ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கச்சேரிகளும் குறைவு. நடந்தவையும் நூலகம், சர்ச் மண்டபம் மாதிரி இடங்களில். மேடையில் எட்டுப் பேர் ஏறி ஒவ்வொரு பாட்டுக்கும் கருவி மாற்றிக்கொள்வதற்குள் பாதி நேரம் போய்விடும் என்ற புலம்பல் அன்றைய விமர்சனங்களில் சகஜம்.

பத்திரிகைகள் இதை மர்மம் என்று எழுதின. உடல்நிலை முழுதாகத் தேறாத ஒருவர் தன் சக்தியைப் பாட்டுக்கு மட்டும் செலவழித்தார் என்று பார்த்தால் மர்மம் ஒன்றும் இல்லை.

சிங்கிள்களை ஏன் ஆல்பத்தில் சேர்க்கவில்லை?

கொள்கை. 1997இல் மட்டும் ‘டாக் ஆன் வீல்ஸ்’, ‘லேஸி லைன் பெயின்டர் ஜேன்’, ‘3.. 6.. 9 செகண்ட்ஸ் ஆஃப் லைட்’ என்று மூன்று இ.பி.க்கள், அதாவது சிறு தட்டுகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பாட்டு, பெரும்பாலும் ஆல்பத்தில் வராதவை. ஒரே பாட்டுக்கு ரசிகர் இரண்டு முறை காசு கொடுக்கக்கூடாது என்ற பழைய காலத்து நியாயம். ‘லேஸி லைன் பெயின்டர் ஜேன்’ பாட்டைச் சர்ச் மண்டபத்திலேயே பதிவு செய்தார்கள். மோனிகா குவீன் மர்டாக்கோடு சேர்ந்து பாடுகிறார். அவர் குரல் நுழைந்ததும் கூரை உயர்ந்துவிட்டதுபோல் இருக்கும். இந்தக் காலத்து இ.பி.க்கள் எல்லாம் 2005இல் ‘புஷ் பார்மன் டு ஓபன் ஓல்ட் வூண்ட்ஸ்’ என்ற தொகுப்பாக வந்துவிட்டன.

‘தி பாய் வித் தி அராப் ஸ்ட்ராப்’ பெயரால் சண்டை வந்ததா?

அராப் ஸ்ட்ராப் என்பது ஃபால்கர்க் ஊரிலிருந்து வந்த இன்னொரு ஸ்காட்டிஷ் குழு. அவர்கள் பெயரை எடுத்து 1998இல் மூன்றாவது ஆல்பத்துக்குத் தலைப்பாக வைத்துவிட்டார்கள். அந்தக் குழுவுக்கு இது பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வந்தது; தலைப்புப் பாட்டு பின்னாளில் ‘டீச்சர்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையானது.

இந்த ஆல்பத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஜாக்சன், காம்ப்பெல், டேவிட் மூவரும் இதில் தங்கள் பாட்டுகளோடு வந்தார்கள். ஒரு எழுத்தாளரும் அவருக்குப் பக்கவாத்தியமும் என்றிருந்தது, பலர் எழுதும் குழுவாக மாறியது. நல்லதா? பாதி நல்லது. அடுத்த ஆல்பமான ‘ஃபோல்ட் யுவர் ஹேண்ட்ஸ் சைல்ட், யூ வாக் லைக் எ பெசன்ட்’ 2000இல் முதல் பத்துக்குள் நுழைந்தாலும், ஆளுக்கொரு பக்கம் இழுப்பது அதில் நன்றாகவே கேட்கிறது.

1999 பிரிட் விருதில் என்ன கலாட்டா?

பிரிட்டனின் பெரிய இசை விருது விழாவில், மூன்று ஆல்பம் போட்ட பிறகு ‘சிறந்த புதுமுகம்’ விருது! பொதுமக்கள் வாக்களிக்கும் பிரிவு அது. ஸ்டெப்ஸ், ஃபைவ் மாதிரி லட்சக்கணக்கில் விற்ற பாப் குழுக்கள் போட்டியில் இருந்தன. பெயரே கேள்விப்படாத கிளாஸ்கோ குழு ஜெயித்ததும், ஸ்டெப்ஸின் பின்னால் இருந்த பீட் வாட்டர்மேன் கொதித்துப் போனார். இணைய வாக்கெடுப்பில் கள்ள ஓட்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. எதுவும் நிரூபணமாகவில்லை, விருது திரும்பவும் போகவில்லை. இணையம் வீடுகளுக்கு மெதுவாக வந்துகொண்டிருந்த காலத்தில், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த மாணவர் கூட்டம் இவர்களின் ரசிகர் கூட்டமாகவும் இருந்தது என்பதே எனக்குப் போதுமான விளக்கம்.

யார் யார் விலகினார்கள்?

ஸ்டூவர்ட் டேவிட் 2000இல் போனார். தன் லூப்பர் குழுவில் கவனம் செலுத்தினார். ஆரம்ப நாட்களைப் பற்றி அவர் பின்னாளில் ஒரு நினைவுநூலும் எழுதியிருக்கிறார். அவர் இடத்துக்கு பாபி கில்டே வந்தார். இசபெல் காம்ப்பெல் 2002இல், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் விலகினார். அவர் அடுத்துச் சேர்ந்தது மார்க் லானெகனோடு. கரகரத்த அந்த அமெரிக்கக் குரலும் இவருடைய காற்று மாதிரியான குரலும் சேர்ந்த ‘பாலட் ஆஃப் தி புரோக்கன் சீஸ்’ ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் மெர்க்குரி பரிசின் 2006 பட்டியலில் இடம்பிடித்தது. டிரம்பெட் மிக் குக் 2013இல் விடைபெற்றார். மர்டாக், ஜாக்சன், கெட்டஸ், கோல்பர்ன், மார்ட்டின் ஐவரும் 1996இலிருந்து நகரவில்லை.

டிரெவர் ஹார்னோடு சேர்ந்தது வணிகத்துக்காகவா?

பழைய ரசிகர்கள் பலர் இதை இன்னும் மன்னிக்கவில்லை. ஜீப்ஸ்டரை விட்டு ரஃப் டிரேடுக்கு மாறி, 2003இல் ‘டியர் கடாஸ்ட்ரஃபி வெய்ட்ரஸ்’ ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக டிரெவர் ஹார்னைப் பிடித்தார்கள். தி பகிள்ஸில் இருந்தவர், ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்டைத் தயாரித்தவர். எண்பதுகளின் பளபளப்புக்கே அடையாளமான மனிதர் இந்தச் சர்ச் மண்டபத்து ஆட்களோடு என்ன செய்வார் என்று எல்லோரும் பயந்தார்கள்.

நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு கருவியும் எங்கே நிற்க வேண்டும் என்று ஹார்ன் ஒழுங்குபடுத்தியதில், இத்தனை நாள் ஒளிந்திருந்த வேடிக்கை வெளியே வந்தது. முன்பு முணுமுணுத்த மர்டாக் இதில் வாயைத் திறந்து பாடுகிறார். ‘ஐ அம் எ குக்கூ’ பாட்டில் டிரம்பெட்டும் இரட்டைக் கிதாரும் துள்ளுகின்றன. 2004 மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்கு ஆல்பம் போனது. பரிசைத் தட்டிச் சென்றதும் கிளாஸ்கோ குழுதான், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்.

இரண்டு பேர் விலகி, நிறுவனம் மாறி, கலைந்துபோக எல்லா காரணமும் இருந்த நேரத்தில் இவர்கள் நல்ல மேடைக் குழுவாக மாறினார்கள் என்பதுதான் என் கணக்கு. மர்டாக்கின் உடம்பும் அதற்கு இடம் கொடுத்தது. 2006இல் டோனி ஹோஃபர் லாஸ் ஏஞ்சலிஸில் தயாரித்த ‘தி லைஃப் பர்சூட்’ 8ஆம் இடம் வந்தது. அதிலுள்ள ‘ஃபன்னி லிட்டில் ஃபிராக்’ 13ஆம் இடம் வரை ஏறியது. அதே வருடம் ஜூலையில் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மானிக் என்ற பெரிய வாத்தியக் குழுவோடு வாசித்தார்கள். நூலகத்தில் கச்சேரி செய்த அதே ஆட்கள்.

சினிமாவில் இவர்கள் பாட்டு எங்கே வருகிறது?

‘ஹை ஃபிடெலிட்டி’ படத்தில் இசைத்தட்டுக் கடைக்குள் இவர்கள் பாட்டு ஓட, ஜாக் பிளாக் வந்து திட்டி நிறுத்துகிற காட்சி பிரபலம். ‘ஜூனோ’ படத்திலும் இரண்டு பாட்டு உண்டு. இயக்குநர் டாட் சோலன்ஸின் ‘ஸ்டோரிடெல்லிங்’ படத்துக்கு முழு இசையே அமைத்தார்கள். படத்தில் சில நிமிடம்தான் மிஞ்சியது. மீதியை 2002இல் ஆல்பமாகப் போட்டுவிட்டார்கள். பிறகு மர்டாக் தானே இயக்குநரானார். எமிலி பிரவுனிங் நடித்த ‘காட் ஹெல்ப் தி கேர்ள்’ 2014இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடிகர் குழுவுக்கான சிறப்பு நடுவர் விருது பெற்றது. செலவின் ஒரு பகுதியை ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் போட்டார்கள். படம் கொஞ்சம் தளர்வு; பாட்டுகளுக்காகப் பார்க்கலாம்.

இவர்கள் நடத்திய விழாக்கள்?

1999 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில், குடும்பங்கள் விடுமுறைக்குப் போகும் முகாமை எடுத்து ‘பௌலி வீக்கெண்டர்’ நடத்தினார்கள். கூடாரமும் சேறும் இல்லாமல் அறை எடுத்துத் தங்கிப் பாட்டுக் கேட்கும் விழா. மொக்வாய், தி ஃபிளேமிங் லிப்ஸ், தி பாஸ்டெல்ஸ் எல்லாம் வந்தார்கள். அந்த அச்சிலிருந்து வந்ததுதான் பின்னால் புகழ்பெற்ற ‘ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்’ இசை விழா. 2019இல் இன்னும் ஒரு படி போய், பார்சிலோனாவில் கப்பல் ஏறி மத்தியதரைக் கடலில் ‘போட்டி வீக்கெண்டர்’. யோ லா டெங்கோ, கேமரா அப்ஸ்க்யூரா, மறுபடியும் மொக்வாய்.

டிரம்மரைக் கடையில் விட்டுவிட்டுப் போனது உண்மையா?

உண்மை. 2017 ஆகஸ்ட், அமெரிக்கச் சுற்றுப்பயணம். வடக்கு டகோட்டாவில் நள்ளிரவில் ஒரு வால்மார்ட் கடையில் பேருந்து நின்றது. இரவு உடையோடு இறங்கிய கோல்பர்னைக் கவனிக்காமல் கிளம்பிவிட்டார்கள். கையில் போன் இல்லை. மர்டாக் ட்விட்டரில் உதவி கேட்க, ரசிகர்கள் ஓடிவர, மனிதர் விமானம் பிடித்து மினசோட்டா போய் அன்றைய கச்சேரியில் சேர்ந்துகொண்டார்.

2010க்குப் பிறகு?

‘ரைட் அபவுட் லவ்’ 2010இல் வந்தது. நோரா ஜோன்ஸும் நடிகை கேரி மல்லிகனும் பாடினார்கள். 2015இல் ‘கேர்ள்ஸ் இன் பீஸ்டைம் வாண்ட் டு டான்ஸ்’. பென் ஆலன் தயாரிப்பு, மேடடார் வெளியீடு, பாதிக்கு மேல் நடன இசை. கலவையான ஆல்பம். முதல் பாட்டான ‘நோபடிஸ் எம்பயர்’ மட்டும் தனி ரகம்: இருபது வருடத்துக்கு முந்தைய நோயைப் பற்றி மர்டாக் சுற்றி வளைக்காமல் எழுதிய பாட்டு. அதே தலைப்பில், அதே அனுபவத்தை வைத்து 2024இல் ஒரு நாவலும் வெளியிட்டார்.

2022இல் ‘எ பிட் ஆஃப் பிரீவியஸ்’. லாஸ் ஏஞ்சலிஸ் போகவிருந்தவர்களைப் பெருந்தொற்று தடுத்ததால், 2000க்குப் பிறகு முதல்முறையாக ஒரு முழு ஆல்பத்தைக் கிளாஸ்கோவிலேயே பதிவு செய்தார்கள். அப்போது மிகுந்த பாட்டுகளோடு 2023 ஜனவரியில் ‘லேட் டெவலப்பர்ஸ்’ வந்தது. சில நாளுக்கு முன்புதான் அறிவித்தார்கள்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

சினிஸ்டர் ஆல்பத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள், தவறில்லை. துள்ளலான இசை பிடிக்கும் என்றால் ‘தி லைஃப் பர்சூட்’ முதலில். ஒரே பாட்டு போதும் என்றால் ‘தி ஸ்டேட் ஐ அம் இன்’: முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குடும்பம், ஒரு கல்யாணம், ஒரு பாவமன்னிப்பு எல்லாம் வந்துபோகும். முதல் தடவை வார்த்தைகளைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். மர்டாக்கின் ஸ்காட்டிஷ் உச்சரிப்பு புரியாததல்ல, ஆனால் நகைச்சுவையை மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நடன இசை ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள்.